மார்பை எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா: ரங்கூனில் எங்கள் வீட்டில் போட்ட கணக்கு

மோல்மேனிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய என் அண்ணன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கலங்கிய தண்ணீரில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு சதைத் துண்டு கிடந்தது. என் மதினியின் இடது மார்பில் இருந்த கட்டி அது. ஊரில் ஒரு மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் அறுத்தெடுத்து, "ரங்கூனில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்" என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். குப்பியில் இருந்தது வெறும் உப்புநீர். இரவெல்லாம் பஸ்ஸின் வெக்கையில் வந்த துண்டைப் பார்த்த பரிசோதனைக்கூடத்துப் பெண்மணி, புற்றுநோய்தான், அளவு 2.2 சென்டிமீட்டர் என்பதுவரை சொன்னார். அதற்குமேல் தெரிந்தாக வேண்டிய மூன்று செய்திகளை இந்தத் துண்டை நம்பிச் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

அந்த மூன்று செய்திகள் இல்லாமல் மார்பகப் புற்றுநோய்க்கு எந்த முடிவும் எடுக்க முடியாது. கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இருக்கிறதா, புரோஜெஸ்டிரோன் ஏற்பி இருக்கிறதா, ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்பவையே அவை. அறுத்த துண்டை ஒரு மணி நேரத்துக்குள், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால்தான் இவற்றைச் சரியாகப் பார்க்க முடியும். அதைவிட நல்ல வழி, கட்டியை அறுப்பதற்கு முன்பே தடித்த ஊசியால் நாலைந்து துணுக்குகள் எடுத்துச் சோதிப்பது. நோய் இன்னது என்று தெரிந்த பிறகு கத்தியை எடுத்தால், ஒரே அறுவையில் வேலை முடிந்துவிட வாய்ப்பு அதிகம். மதினிக்கு இரண்டாவது முறை அறுக்க வேண்டி வந்தது. இதைப் படிக்கிறவர்களின் வீட்டில் யாருக்காவது மார்பில் கட்டி தட்டுப்பட்டால், "முதலில் எடுத்துவிடலாம், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்கிறவரிடம் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் மதினியோடு ஓராண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறேன். அதற்கு முன் பெகுவில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கும் இதே நோய் வந்தது. இருவருக்கும் நோய் தொடக்கக் கட்டத்தில்தான் இருந்தது. இருவரும் வெவ்வேறு முடிவெடுத்தார்கள். எதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும், எந்தக் கணக்கை மருத்துவர் சொல்வார், எந்தக் கணக்கை நாமே போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வேரோடு எடுத்தால் உயிர் கூடுமா?

குப்பி வந்த அன்று மாலையே மதினி போனில் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, முழுதாக எடுத்துவிடச் சொல். வேரை விட்டுவைத்தால் மறுபடி முளைக்கும்." நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படியே நினைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பை மட்டுமல்லாமல் அதன் கீழ் உள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்தே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் அதுவே வழக்கமாக இருந்தது. பிறகு இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி என்ற அறுவை மருத்துவர் 1973 முதல் 1980 வரை 701 பெண்களை இரண்டு பிரிவாக்கினார். எல்லோருக்கும் கட்டி 2 சென்டிமீட்டருக்குள். ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை. மற்றொரு பிரிவுக்கு மார்பின் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. இருபது ஆண்டுகள் கழித்து எண்ணியபோது இரு பிரிவிலும் இறந்தவர்கள் நூற்றுக்கு 41 பேருக்குச் சற்று அதிகம். முதுமையிலும் வேறு நோயிலும் போனவர்களும் இதில் அடக்கம். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அரை சதவீதம்தான். அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் 4 சென்டிமீட்டர் வரையிலான கட்டிகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் இருபதாண்டு முடிவும் அதையே சொன்னது. இரண்டும் 2002-இல் வெளிவந்தன.

ஆக, உயிரைப் பொறுத்தவரை இரண்டும் சமம். இதைச் சொன்னபோது மதினி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் திரும்ப வரவே வராதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதே மார்பில் திரும்ப வரும் வாய்ப்பு, மார்பைக் காப்பாற்றிக்கொண்டவர்களுக்குச் சற்றுக் கூடுதல். மிலானில் அப்படிக் காப்பாற்றிக்கொண்ட 352 பேரில் 30 பேருக்கு இருபதாண்டுகளில் அங்கேயே மறுபடி வந்தது. முழுதாக எடுத்த 349 பேரில் 8 பேருக்கு அறுத்த இடத்தில் வந்தது. முழுதாக எடுத்தால் வரவே வராது என்பதும் சரியில்லை என்று அந்த எட்டு பேர் காட்டுகிறார்கள். அப்படித் திரும்ப வந்ததைக் கண்டுபிடித்து மறுபடி எடுக்க முடிந்ததால்தான் கடைசி உயிர்க்கணக்கு மாறவில்லை. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எலும்புக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவும் நோய். அதைத் தடுப்பது மாத்திரையும் கீமோவும் போன்ற, உடம்பு முழுவதும் பாயும் மருந்துகள். கத்தி எவ்வளவு அகலமாக வெட்டினாலும் அந்த வேலையைச் செய்யாது.

மற்ற மார்பையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். குடும்பத்தில் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு இருந்தால் அது தனிப் பேச்சு. இல்லையென்றால் நல்ல மார்பை எடுப்பதால் ஆயுள் நீள்வதாகக் காட்டும் ஆதாரம் இல்லை.

கட்டியை மட்டும் எடுப்பதற்கு விலை: கதிர்வீச்சு

இங்கேதான் நம் நாட்டுக் கணக்கு ஆரம்பமாகிறது. மார்பைக் காப்பாற்றும் அறுவையும் கதிர்வீச்சும் ஒரே சிகிச்சையின் இரண்டு பாதிகள். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு வாங்காதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. கதிர்வீச்சு வாங்கியவர்களில் 14 பேருக்கு. "அறுவை முடிந்துவிட்டது, இனி எதற்குக் கதிர்" என்று ஊருக்குத் திரும்பிவிடுவதாக இருந்தால், மார்பைக் காப்பாற்றும் வழியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நம் நாட்டில் கதிர்வீச்சு எந்திரங்கள் ரங்கூன், மாண்டலே போன்ற சில ஊர்களில் மட்டும்தான் இருக்கின்றன. மோல்மேன்காரருக்கு, தட்டோன்காரருக்கு, தவோய்க்காரருக்குக் கதிர்வீச்சு என்றால் ரங்கூனில் தங்க வேண்டும் என்று பொருள். எத்தனை நாள் என்பதைக் கேட்டுக்கொண்டுதான் அறுவைக்குச் சம்மதிக்க வேண்டும். முன்பெல்லாம் 25 முறை, ஐந்து வாரம். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில் 15 முறை, மூன்று வாரம் போதும் என்று பத்தாண்டு முடிவுகளோடு தெளிவாகிவிட்டது. 2020-இல் வெளிவந்த மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வு, ஐந்தே முறையில் ஒரு வாரத்தில் முடிக்கும் முறையும் ஐந்தாண்டுக் கண்காணிப்பில் அதற்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. எந்த ஆஸ்பத்திரி எந்த முறையைக் கையாள்கிறது என்பது எந்திரத்தையும் மருத்துவரின் பழக்கத்தையும் பொறுத்தது. வெளியூர்க்காரர் என்று சொல்லி, குறுகிய முறை பொருந்துமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்டதால்தான் ஐந்து வாரம் என்று எழுதியிருந்த சீட்டு மூன்று வாரமானது.

இன்னொன்று, தேதி. ஏப்ரல் முதல் வாரத்தில் கதிர்வீச்சைத் தொடங்கினால் நடுவில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா வந்துவிடும். அலுவலகம், கடை எல்லாம் மூடும் அந்த நாட்களில் எந்திரமும் ஓய்வெடுத்தால் சிகிச்சை அறுபடும். கதிர்வீச்சு இடைவிடாமல் நடக்க வேண்டிய காரியம். எங்களுக்கு மார்ச் கடைசியில் இடம் கிடைத்தும், சயாமாவே (பெண் மருத்துவரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) திருவிழா கழிந்து வரச் சொன்னார். மின்வெட்டு நாட்களில் எந்திரத்துக்கு ஜெனரேட்டர் உண்டா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கதிர்வீச்சு வலிக்காது. மேசையில் படுத்து அசையாமல் இருக்க வேண்டும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். இடது மார்பு என்றால் இதயம் பக்கத்தில் இருப்பதால், வசதியுள்ள இடங்களில் மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் சொல்லி, அந்த நேரத்தில் கதிரைச் செலுத்துவார்கள். மதினி மூச்சடக்கப் பழகியது எங்கள் வீட்டுப் பின்கட்டில். நான் விரல்விட்டு எண்ண, அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இரண்டாவது வாரத்தில் தோல் கறுக்க ஆரம்பித்தது, மூன்றாவது வாரத்தில் கழுத்தோரம் வெந்ததுபோலச் சிவந்தது. குளிர்ச்சிதானே என்று தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசப் போனவரை நர்ஸ் தடுத்தார். மார்பில் போட்டிருக்கும் குறிகள் அழியக் கூடாது, தோலில் எதையும் கேட்காமல் பூசக் கூடாது. அலுப்புதான் அவரை அதிகம் வாட்டியது. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை எழுந்திருக்க மாட்டார்.

முழுதாக எடுப்பதற்கு விலை

பெரியம்மாவுக்கு 67 வயது. கட்டி 2.5 சென்டிமீட்டர். ரங்கூனில் வாரக்கணக்கில் தங்க யாருமில்லை, பெரியப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "எடுத்துவிடுங்கள், ஒரே தடவையில் முடியட்டும்" என்றார். அவருக்கு அது சரியான முடிவு என்று இன்றும் நம்புகிறேன். நெறிக்கட்டிகளில் நோய் இல்லை, கட்டி சிறியது. அதனால் கதிர்வீச்சு தேவைப்படவில்லை. எட்டு நாள் வடிகுழாயோடு இருந்தார், இருபது நாளில் சமையலறைக்குத் திரும்பிவிட்டார்.

ஆனால் முழுதாக எடுத்தால் கதிர்வீச்சே இருக்காது என்று எண்ணி யாரும் அந்த வழியை எடுக்க வேண்டாம். அக்குள் நெறிக்கட்டிகள் நாலோ அதற்கு மேலோ நோயுற்றிருந்தால், கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தால், வெட்டிய விளிம்பில் நோய் இருந்தால், மார்பை எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவை. ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டிகளில் இருந்தாலும் பல மருத்துவர்கள் கொடுக்கச் சொல்வார்கள். இதை அறுவைக்கு முன்பே கேட்காமல், எடுத்த பிறகு கதிருக்குப் போகச் சொன்னார்களே என்று மனம் உடைந்தவர்களைக் காத்திருப்புப் பெஞ்சில் பார்த்திருக்கிறேன்.

பெரியம்மாவின் வருத்தம் வேறு. வெளியே சொல்ல மாட்டார். கோவிலுக்குப் புறப்படும்போது முந்தானையை இரண்டு மூன்று முறை இழுத்து இழுத்து விடுவார். ஒரு பக்கம் கனம் இல்லாததால் தோள் சாய்ந்து முதுகு வலித்தது. கடையில் விற்கும் சிலிக்கான் மார்பு அவர் கைக்கு எட்டாத விலை. கடைசியில் நானே பருத்தித் துணியில் பை தைத்து, பஞ்சோடு கடுகு கலந்து நிரப்பி, சமையல் தராசில் மற்றப் பக்கத்துக்கு ஈடாகும்வரை எடை பார்த்தேன். ரவிக்கைக்குள் உள்பை தைத்து அதில் வைத்துக்கொள்கிறார். கடுகு வண்டு பிடிக்காமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். வயிற்றுச் சதையை எடுத்தோ உள்ளே பை வைத்தோ மார்பை மறுபடி உருவாக்கும் அறுவையும் இருக்கிறது. வசதியுள்ள ஊரில், செலவு செய்ய முடிந்தவர்களுக்கு அது நல்ல வழி. அதை முதல் அறுவையின்போதே செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பெரியம்மா விஷயத்தில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. 65 வயதுக்கு மேல், கட்டி 3 சென்டிமீட்டருக்குள், நெறிக்கட்டி சுத்தம், ஹார்மோன் ஏற்பி உண்டு என்ற நிலையில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சைத் தவிர்த்து, ஹார்மோன் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவது. பிரிட்டனில் இதை ஆராய்ந்து 2023-இல் பத்தாண்டு முடிவு வெளியிட்டார்கள். கதிர் வாங்காதவர்களில் நூற்றுக்கு 9 அல்லது 10 பேருக்கும், வாங்கியவர்களில் ஒருவருக்கும் அதே மார்பில் திரும்ப வந்தது. உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் நூற்றுக்கு 81 பேர் அளவில் சமம். பெரியம்மா இந்த வரையறைக்குள் அப்படியே பொருந்துவார். அவர் போன ஆஸ்பத்திரியில் யாரும் இதைச் சொல்லவில்லை, எங்களுக்கும் அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. ஆனால் அவர் முன்னால் மூன்று வழிகளையும் வைத்திருக்க வேண்டும்.

மார்பைக் காப்பாற்றும் வழி எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. கர்ப்பிணிகளுக்குக் கதிர் கொடுக்க முடியாது. அதே மார்புக்கு முன்பே கதிர் வாங்கியவர்களுக்கும், மார்பின் பல மூலைகளில் நோய் சிதறியிருப்பவர்களுக்கும், எத்தனை முறை வெட்டியும் விளிம்பு சுத்தமாகாதவர்களுக்கும் முழுதாக எடுப்பதுதான் வழி. சின்ன மார்பில் பெரிய கட்டி என்றால், கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுப்பார்கள். முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் உயிர்க்கணக்கில் மாற்றமில்லை. சுருங்கிய பிறகு இடம் தெரியாமல் போகாதிருக்க, தொடங்கும் முன்பே கட்டிக்குள் ஒரு சிறு உலோகக் குறி வைக்கச் சொல்ல வேண்டும்.

அக்குளில் எவ்வளவு எடுப்பது

மார்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், கையை மறந்துவிடுகிறோம். மதினி மோல்மேனில் காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறார். விடிகாலை மூன்று மணிக்கு மாவுப் பாத்திரத்தைத் தூக்கும் கை அது. அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை மொத்தமாக வழித்தெடுத்தால் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கு அது. கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை (காவல் முடிச்சு என்பார்கள்) மட்டும் கண்டுபிடித்து எடுத்தால் அது நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான். அந்தக் காவல் முடிச்சு சுத்தமென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. மார்பைக் காத்துக் கதிர் வாங்கப்போகிற பெண்களுக்கு, ஒன்றிரண்டில் நோய் இருந்தால்கூட மற்றதை வழிக்காமல் விட்டாலும் உயிர்க்கணக்கு குறைவதில்லை என்று 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

அந்த முடிச்சைக் கண்டுபிடிக்கக் கதிரியக்கத் திரவமோ நீலச் சாயமோ மார்பில் செலுத்துவார்கள். மதினிக்கு நீலச் சாயம். மறுநாள் விடியலில் கழிப்பறையிலிருந்து ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போயிருக்கிறது. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டதாக நினைத்துத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஓரிரு நாளில் தானாகத் தெளிந்தது. பெரியம்மாவுக்கு இந்தச் சாயம் அன்று அந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை. மொத்தமாக வழித்தார்கள். எடுத்த அத்தனையும் சுத்தமாக இருந்தன. இன்று அவர் வலது கை வளையல் ஏறாமல் வீங்கியிருக்கிறது. இரண்டு வழிகளையும் ஒப்பிடச் சொன்னால் நான் முதலில் காட்டுவது அந்தக் கையைத்தான். அறுவைக்கு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தச் சோதனை அங்கே உண்டா என்று கேளுங்கள்.

மருந்துகள்

மதினிக்கு இரண்டாம் அறுவையில் மிச்சமிருந்த கட்டியை எடுத்தார்கள். எடுத்த துண்டின் வெளிப்பரப்பெங்கும் மை தடவி, ஓரத்து மையில் நோய் தொட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொடவில்லை. இம்முறை ஃபார்மலினில் போனதால் சோதனைகளும் தெளிவாக வந்தன: இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் உண்டு, ஹெர்-2 இல்லை, காவல் முடிச்சு சுத்தம்.

இந்த நிலையில் கீமோ தேவையா என்பது கடினமான கேள்வி. இதற்கென்றே கட்டியின் மரபணுக்களைச் சோதிக்கும் முறை இருக்கிறது. 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வு, இந்த வகைப் பெண்களில் பெரும்பாலோர் அந்தச் சோதனையை நம்பிக் கீமோவைத் தவிர்க்கலாம் என்று காட்டியது. ஆனால் அதன் விலை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. சயாமா வேறொன்று செய்தார். பிரிட்டனில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய ‘பிரெடிக்ட்’ என்ற இலவசக் கணிப்பானைத் திரையில் திறந்து, வயது 48, கட்டி அளவு, தரம், ஏற்பி எல்லாம் இட்டார். ஹார்மோன் மாத்திரையோடு கீமோவும் சேர்த்தால் பத்தாண்டில் நூற்றுக்குக் கூடுதலாக இரண்டு பேர் பிழைப்பார்கள் என்று வந்தது. முடி கொட்டுதல், வாந்தி, வெள்ளணுக் குறைவு, சிலருக்கு இதயப் பலவீனம், மாதக்கணக்கில் கடை மூடல் ஆகியவற்றோடு அந்த இரண்டை நிறுத்துப் பார்க்க வேண்டும். நான் பர்மிய மொழியிலிருந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, மதினி கேட்டுவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்றார். அந்த இரண்டுக்காகவே கீமோ வாங்குகிற பெண்ணும் சரியாகவே முடிவெடுக்கிறார். நெறிக்கட்டியில் நோய் இருந்தாலோ, மூன்று சோதனையும் இல்லை என்று வந்தாலோ இந்தத் தராசு வேறுபக்கம் சாயும். அங்கே கீமோ தரும் பலன் பல மடங்கு பெரிது.

ஹெர்-2 உள்ளவர்களுக்கு டிராஸ்டுசுமாப் என்ற ஊசி உயிர்காக்கும் மருந்து. வழக்கம் ஓராண்டு. செலவு தாங்காதவர்கள் நடுவில் நிறுத்தி மொத்தத்தையும் இழப்பதைவிட, ஆறு மாதத் திட்டம் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே பேசலாம். ஆறு மாதம் ஏறக்குறைய அதே பலன் தருவதாக 2019-இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. எல்லா ஆய்வுகளும் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். இந்தியாவில் செய்யும் மாற்று வகைகள் விலை குறைவு. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. மணிக்கணக்கில் மின்சாரம் போகும் நம் ஊரில், ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருப்பது பணத்தை வெயிலில் போடுவதற்குச் சமம். ஊசி போடும் அன்றே, குளிர்ச்சி காக்கும் கடையிலிருந்து வாங்குங்கள்.

ஹார்மோன் மாத்திரைகளில் இரண்டு வகை. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குத் தமாக்சிஃபென், தினம் 20 மில்லிகிராம், குறைந்தது ஐந்தாண்டு. விலையும் மலிவு. ஐந்தாண்டு சாப்பிட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோயால் வரும் சாவு பதினைந்தாண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இவ்வளவு எளிய பொருள் இவ்வளவு செய்கிறது என்பதை நம் வீடுகளில் யாரும் உணர்வதில்லை. ஊசியும் எந்திரமும்தான் சிகிச்சை, மாத்திரை சும்மா என்ற எண்ணத்தில் ஆறாவது மாதமே விட்டுவிடுகிறார்கள். உடம்பெல்லாம் திடீரென்று கொதிக்கும், அபூர்வமாக இரத்தம் உறையும், வயதானவர்களுக்குக் கருப்பைப் புற்று வரும் சிறிய வாய்ப்பும் உண்டு. விலக்கு நின்றபின் இரத்தம் பட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். விலக்கு முற்றிலும் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் வகை இன்னும் கொஞ்சம் மேல். ஆனால் எலும்பு தேயும், காலையில் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும். பெரியம்மா லெட்ரோசோல் சாப்பிடுகிறார், வெயிலில் உட்காருகிறார், சுண்ணச்சத்தும் எடுத்துக்கொள்கிறார். கீமோவால் தற்காலிகமாக விலக்கு நின்ற இளம்பெண்ணுக்கு இந்த இரண்டாம் வகையைத் தனியாகக் கொடுத்தால் வேலை செய்யாது. சூலகங்களையும் அடக்க வேண்டும். கடைக்காரர் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வேர், பட்டை, பத்தியம் என்று சொல்லும் நாட்டு மருந்தையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டார் வற்புறுத்தினார்கள். ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 2018-இல் வெளிவந்தது. முறையான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் அதிகம். முதல்நிலையில் வந்தவர் மூன்றாம் நிலையில் திரும்பி வருவதைப் பார்க்கும் வேதனையை யாருக்கும் நான் விரும்பவில்லை. அநாரட்டா சாலைக் காளியம்மன் கோவிலில் மதினிக்காக நாங்கள் விளக்கேற்றினோம், கதிர்வீச்சுக்கும் போனோம்.

ரங்கூனா, சென்னையா

பணம் புரட்ட முடிந்த ஒவ்வொரு பர்மாத் தமிழ்க் குடும்பத்திலும் இந்தக் கேள்வி எழும். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவாகி, டாக்டர் வி. சாந்தா தம் வாழ்நாளையே கொடுத்து வளர்த்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயர் இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கே போனால் நோயாளியே நேரடியாகத் தமிழில் பேசலாம். இது சின்ன வசதி அல்ல. பர்மிய மொழியில் கடை நடத்தும் மதினி, மருத்துவர் முன்னால் மார்பைப் பற்றிய ஒரு சொல்லைக்கூடச் சொல்ல முடியாமல் என் முகத்தையே பார்த்தார். தமிழில் என்றால் அவரே கேட்டிருப்பார்.

ஆனால் மருத்துவ விசா, விமானம், துணைக்கு ஒருவர், வாடகை அறை, நாளுக்கு நாள் தேயும் சாட் நாணயத்தின் மதிப்பு இவ்வளவையும் கூட்டிப் பாருங்கள். மதினிக்கு இருந்ததைப் போன்ற சிறிய கட்டிக்கு, காவல் முடிச்சுச் சோதனையும் கதிர்வீச்சும் தமாக்சிஃபெனும் ரங்கூனில் கிடைத்தால், சென்னைக்குப் போவதால் ஆயுள் கூடும் என்று நான் நினைக்கவில்லை. நிலத்தை விற்றுச் சென்னைக்குப் போய் அறுவை மட்டும் செய்துகொண்டு, கதிர்வீச்சுக்குப் பணமில்லாமல் திரும்புவதைவிட இங்கேயே முழுதாக முடிப்பது நல்லது. கர்ப்பத்தில் நோய் வந்தால், மார்பை மறுபடி உருவாக்க வேண்டும் என்றால், முப்பது வயதுக்குள் வந்தால் சென்னைப் பயணத்துக்குப் பொருள் உண்டு. ஹெர்-2 சோதனை உண்டு என்றும் இல்லை என்றும் சொல்லாமல் "இரண்டு பிளஸ்" என்று நடுவில் நின்றால், மறுசோதனைக்கு நோயாளி போக வேண்டியதில்லை. திசுவை மெழுகில் உறையவைத்த கட்டியை அனுப்பினாலே போதும்.

அந்த மெழுகுக் கட்டியைப் பரிசோதனைக்கூடத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். சுண்டுவிரல் நகம் அளவுத் திசு, வெள்ளை மெழுகில், பிளாஸ்டிக் சட்டத்தில், பென்சிலால் எண் எழுதியது. வெயில் படாமல் மதினியின் அடையாள அட்டையோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை மேமோகிராம் எடுக்க மதினி ரங்கூனுக்கு வரும்போது, முதலில் அந்த டப்பாவைத் திறந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். போன முறை வந்தபோது மாவுப் பாத்திரத்தைத் தூக்கும் இடது கையை நீட்டி, வளையலை முழங்கைவரை ஏற்றிக் காட்டினார்.